‘பருப்பு இருக்கு’ என்றால் சீனி இல்லை

போன இதழில் உவமைக்கும் உருவகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருவர் கேட்டிருந்தார். நான்கு வரியில் பதில் எழுதிவிட்டுத் தப்பித்தேன் என்று நினைத்தேன், நீங்கள் விடவில்லை. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே, மீதியில் சில என்னைத் திட்டி. அதனால் இந்த முறை முழுக்க அணிக் கதைதான், சொல்ல வந்ததை அழகாகச் சொல்ல மொழி எடுக்கும் வழிகளின் கதை. பெயர் போட வேண்டாம் என்று பலர் எழுதியிருந்ததால் எல்லோருடைய பெயரையும் எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது.

கேள்வி: மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். “போல வந்தால் உவமை, வராவிட்டால் உருவகம்” என்று டியூஷனில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் உவமைக்கு உதாரணமாக “மழை வரும் போல இருக்கிறது” என்று எழுதி, மார்க் போய், வீட்டில் ஒரே அழுகை. அதில் ‘போல’ இருக்கிறதுதானே? (ஒரு தாய், வெள்ளவத்தை)

பதில்: ‘போல’ இருக்கிறது அம்மா, உவமைதான் இல்லை. உவமை என்றால் இரண்டு பொருள் வேண்டும். ஒன்று நாம் சொல்ல வந்தது, மற்றது அதை விளக்கப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பது. “மழை வரும் போல இருக்கிறது” என்பதில் மழை ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் இன்னும் வரவில்லை. அங்கே ‘போல’ வெறும் ஊகம். அதே மாதிரி “அவள் அக்காவைப் போல நன்றாகச் சமைப்பாள்” என்பதும் சும்மா ஒப்பீடுதான், ஒரு சமையல்காரியை இன்னொரு சமையல்காரியோடு வைத்துப் பார்த்ததில் அணி என்று சொல்ல ஒன்றுமில்லை. அக்கா அரைத்த சம்பல் நாக்கில் நெருப்புப் போல ஏறியது என்றால், சரி, இப்போது உவமை வந்துவிட்டது.

தொல்காப்பியர் இதற்கென்றே உவமவியல் என்று தனி இயல் வைத்து, எதை வைத்து ஒப்பிடலாம் என்பதற்கு வினை, பயன், மெய், உரு என்று நான்கைச் சொல்கிறார். வினை என்றால் செயல், பயன் என்றால் விளைவு, மெய் வடிவம், உரு நிறம். காலி வீதியில் இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் பாம்பு மாதிரி வளைந்து நுழைந்து போகிறதே த்ரீவீலர், அது வினை. பிளேன்டீயைக் கண்ணாடிக் கோப்பையோடு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து “தேன் போல இருக்கு” என்றால் அது உரு. மகளிடம் சொல்லுங்கள்: உவமை என்று சந்தேகம் வரும் வசனத்தில் எது, எதோடு, எந்தத் தன்மையில் என்று மூன்றையும் பென்சிலால் ஓரத்தில் எழுதிப் பார்க்கட்டும். முதல் இரண்டும் எழுத வராவிட்டால் அதை விட்டுவிடலாம். மூன்றாவது வசனத்தில் வெளிப்படையாக இல்லாமலும் இருக்கலாம், ஆனால் கேட்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த டியூஷன் சூத்திரத்தின் பின்பாதி இன்னும் மோசம். ‘போல’ இல்லாமலும் உவமை வரும். மதிமுகம் என்றால் மதி போன்ற முகம், ‘போன்ற’ என்ற உவமை உருபு உள்ளே ஒளிந்திருக்கிறது, அதற்கு உவமைத்தொகை என்று பெயர். முகமதி என்று திருப்பிப் போட்டால் முகமாகிய மதி, அது உருவகம். தேன்தமிழும் தமிழ்த்தேனும் அப்படியே. கடைசியில் நிற்பது யார் என்று பாருங்கள். தேன்தமிழில் தமிழ் தமிழாகவே இருக்கிறது, தேனின் சாயல் மட்டும் அதற்கு. தமிழ்த்தேனில் தமிழ் தேனாகவே ஆகிவிட்டது, இனி அதைக் குடிக்கலாம். “அகர முதல எழுத்தெல்லாம்” என்ற முதல் குறளில் எங்கே ‘போல’? தேடினாலும் கிடைக்காது, எழுத்துக்கு அகரம் முதல், உலகுக்குக் கடவுள் முதல் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு ஒப்பிடுவதை நம்மிடம் விடுகிறது, ஆனாலும் அது எடுத்துக்காட்டு உவமை.

நான் முன்பு ஒரு பத்திரிகையில் பிரதி திருத்திக்கொண்டிருந்தேன். ஆடிவேல் வந்தால் “மக்கள் வெள்ளம்” என்ற உருவகம் இல்லாத செய்தியே வராது. “மக்கள் வெள்ளம் அலைமோதியது” என்றால் விட்டுவிடுவேன். “மக்கள் வெள்ளம் கைதட்டி ஆரவாரித்தது” என்றால் சிவப்புப் பேனை எழும்பும், வெள்ளத்துக்கு ஏது கை? நிருபர் ஒருவர் கோபத்தில் திருப்பிக் கேட்டார்: “பிறவிப் பெருங்கடல் நீந்துவர் என்று வள்ளுவர் பிறவியை மட்டும் கடலாக்கிவிட்டு, இறைவன் அடியைத் தெப்பம் ஆக்காமல் பாதியில் விட்டாரே, அதை யார் திருத்தினார்கள்?” நல்ல கேள்வி. அதை யாரும் திருத்தவில்லை, ஏகதேச உருவகம் என்று பெயர் வைத்துக் கௌரவித்தார்கள். வள்ளுவர் விட்ட இடத்தை வாசிக்கிறவர் தானே நிரப்பிக்கொள்கிறார், கடல் என்றதும் தெப்பம் மனதில் வந்துவிடுகிறது. வெள்ளத்தில் கை முளைத்தால் வாசிக்கிறவர் நின்றுவிடுகிறார். இதை அவரிடம் சொன்னேன், சமாதானமாகவில்லை. அடுத்த வருடமும் கைதட்டியது.

கேள்வி: எங்கள் தெருக் கடை அண்ணன் ‘இல்லை’ என்று சொல்லவே மாட்டார். “சீனி இருக்கா?” என்றால் “பருப்பு இருக்கு” என்பார். இதற்கு ஏதாவது அணிப் பெயர் இருக்கிறதா, அல்லது அவருக்குக் காது கேட்கவில்லையா? (மாணவர், கொட்டாஞ்சேனை)

பதில்: காது நன்றாகவே கேட்கிறது தம்பி. அவர் தொல்காப்பியப்படி வியாபாரம் செய்கிறார். சொல்லதிகாரத்தில் கிளவியாக்கம் என்ற இயலில், இல்லாத பொருளைக் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது என்பதற்கே ஒரு சூத்திரம் இருக்கிறது. உரைகாரர்கள் அதற்குத் தரும் உதாரணமும் கடைதான்: “பயறு உளவோ வணிகீர்?” என்று கேட்டால் “உழுந்தல்லது இல்லை” என்று சொல்வது. வெறுங்கையோடு இல்லை என்று சொல்லாமல், இருக்கிற இன்னொன்றைச் சொல்லி இல்லாததை உணர்த்துவது. பயறு சீனியானது, உழுந்து பருப்பானது, வேறு மாற்றமில்லை.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி எழுதிய நன்னூல் இதை இன்னும் விரித்து, விடை எட்டு வகை என்கிறது. சுட்டு, மறை, நேர் என்று முதல் மூன்றும் நேரடியானவை. மிச்ச ஐந்தும் சுற்றிவந்து அதே பொருளைத் தருபவை. பள்ளியில் இந்தப் பட்டியலைப் பாடமாக்கினபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கினது 2022இல், காஸ் வரிசையில். வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு விடிவதற்கு முன்பே போய் நின்ற காலம் அது. எனக்கு முன்னால் நின்ற வயதானவர் முன்னும் பின்னும் திரும்பி, கண்ணில் பட்டவரிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்: “நான் வீட்டுக்குப் போயிட்டு வாற வரைக்கும் என் சிலிண்டரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுவீங்களா?”

ஒரு பெண் “சரி அங்கிள்” என்றார், அது நேர். இன்னொருவர் “ஏலாது” என்றார், மறை. “நீங்களே நின்று பாருங்க” என்றான் ஒரு பொடியன், அது ஏவல் விடை, மரியாதையில்லாத விடையும்கூட. “விடிய இருந்து நின்று கால் வீங்கிப் போச்சு” என்று ஒருவர், தனக்கு நடந்ததைச் சொன்னதால் உற்றது உரைத்தல். “இனியும் நின்றால் மயங்கி விழுந்திடுவேன்” என்றார் இன்னொருவர், நடக்கப் போவதைச் சொன்னதால் உறுவது கூறல். கால் வீங்கியவரும் மயங்கப் போகிறவரும் முடியாது என்ற சொல்லைச் சொல்லவேயில்லை, ஆனால் பெரியவர் இரண்டு பேரிடமும் மறுபடி கேட்கவில்லை. “வேணுமென்றால் தேத்தண்ணி வாங்கித் தாறேன்” என்றார் ஒருவர். இதுதான் உங்கள் கடை அண்ணனின் ஆள், இனமொழி விடை. கடைசியில் ஓர் ஆட்டோக்காரர் “பார்க்காம விடுவேனா?” என்றார். வினா எதிர் வினாதல். பெரியவர் அப்போதுதான் நிம்மதியாக வீட்டுக்குப் போனார். சுட்டு மட்டும் அன்றைக்கு வரவில்லை, லொறி எந்தப் பக்கத்தால் வரும் என்று யாராவது கேட்டிருந்தால் “அந்தா, அந்தப் பக்கம்” என்று கை நீண்டிருக்கும்.

அந்த ஆட்டோக்காரர் சொன்னதன் முடிவில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன், ஆனால் அவர் எதையும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விடை வேண்டாத கேள்வி நம் வீடுகளில் நாளுக்கு நூறு தரம் வரும். “இதெல்லாம் ஒரு சாப்பாடா?” என்று ஒருவர் கேட்க, “ஆம், இது சாப்பாடுதான்” என்று தகவல் சொன்னால் என்ன நடக்கும் என்று உங்கள் வீட்டில் செய்து பார்த்து எழுதுங்கள்.

கேள்வி: மொத்தம் எத்தனை அணிகள்? (மருதானை)

பதில்: தொல்காப்பியத்தில் இயல் எழுதும் அளவுக்குப் பேசப்படுவது உவமை ஒன்றுதான். வடமொழியில் தண்டி எழுதிய காவியாதர்சத்தைத் தழுவித் தமிழில் 12ஆம் நூற்றாண்டில் வந்த தண்டியலங்காரம் பொருளணிகளை மட்டும் 35 என்று எண்ணுகிறது, சொல்லணிகள் வேறு. எண்ணிக்கையைப் பாடமாக்கி என்ன செய்யப் போகிறீர்கள்?

கேள்வி: கணவரின் உறவுக்காரர் ஒருவரை 138 பஸ்ஸில் சந்தித்தேன். “எங்கே இந்தப் பக்கம்?” என்றேன். “அம்மாவை மஹரகமவில் காட்டுறோம்” என்றார். நான் நுவரெலியாவில் வளர்ந்தவள், கொழும்புக்கு வந்து ஒரு வருடம்தான். மஹரகம என்றால் எனக்குத் தெரிந்தது பமுணுவ உடுப்புக் கடைகள். “அங்கே மலிவாமே, எனக்கும் ரெண்டு சட்டை பார்க்கணும்” என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் போன விதத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. இப்படிச் சுற்றிவளைத்துச் சொன்னால் யாருக்கு விளங்கும்? (தெஹிவளை)

பதில்: உங்கள் மீது பிழை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் மீதும் சொல்ல மாட்டேன். மஹரகம என்றால் இங்கே பலருக்கு முதலில் நினைவு வருவது புற்றுநோய் ஆஸ்பத்திரிதான். “காட்டுறோம்” என்ற வினையையும் பாருங்கள், டாக்டரிடம் என்ற சொல்லே இல்லாமல் அது டாக்டரிடம் என்று ஆகிவிட்டது. நோயின் பெயர் இல்லை, ஆஸ்பத்திரியின் பெயர் இல்லை, டாக்டர் இல்லை. ஊரின் பெயரும் ஒரு வினைச்சொல்லும் மட்டும். கொழும்பில் இருக்கிறவர்களுக்கு முழுச் செய்தியும் போய்ச் சேர்ந்துவிடும், கேட்டவர் அடுத்து “எந்த இடத்தில்?” என்று கேட்க மாட்டார், “எப்போதிருந்து?” என்றுதான் கேட்பார்.

இடத்தின் பெயர் அங்கே இருப்பதற்கு ஆகி வந்தால் இடவாகுபெயர். ஆங்கிலப் புத்தகங்களில் இதை அணிகளோடு சேர்த்துப் படிப்பிப்பார்கள், நமக்கு இது இலக்கணத்தில் பெயர்ச்சொல் பக்கம் வருகிறது, அதனால்தான் பிள்ளைகள் இரண்டையும் தொடர்புபடுத்துவதில்லை. கொழும்பு ஆகுபெயரில்தான் ஓடுகிறது. புதுக்கடைக்குப் போனார் என்றால் வழக்கு, வெலிக்கடைக்குப் போனார் என்றால் சிறை. கறுவாத்தோட்டம் என்றால் பணக்காரர், கறுவாவும் இல்லை தோட்டமும் இல்லை. பாட்டா என்று ஒரு கம்பனியின் பெயரைச் சொல்லி எந்தக் கம்பனியின் ரப்பர் செருப்பையும் வாங்குகிறோம்.

ஆனால் மஹரகமவில் ஆகுபெயரோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. நன்னூல் தகுதி வழக்கு என்று மூன்றைச் சொல்லும். நாகரிகம் கருதி மறைப்பது இடக்கரடக்கல், “கால் கழுவிவிட்டு வந்தேன்” என்பது மாதிரி. அமங்கலத்தை நல்ல சொல்லால் மூடுவது மங்கலம். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளும் சொல் குழூஉக்குறி, பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள் என்று உதாரணம் தருவார்கள். இன்றைக்கு நகைக்கடைகள் இருக்கும் செட்டியார் தெருவில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டால் சொல்லவா போகிறார்கள்? உங்கள் உறவுக்காரர் சொன்னது மங்கலத்தின் பக்கம். அந்த ஆஸ்பத்திரிக்கு வைத்திருக்கும் அபேக்ஷா என்ற பெயரும் அந்தப் பக்கம்தான், சிங்களத்தில் எதிர்பார்ப்பு, நம்பிக்கை என்று பொருள்.

மங்கலத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் பேப்பரில் மரண அறிவித்தல் பக்கத்தை எடுங்கள். நான் சில மாதம் அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தேன், யாரும் விரும்பிக் கேட்காத வேலை. மேலே கொட்டை எழுத்தில் ‘மரண அறிவித்தல்’ என்று இருக்கும், கீழே ஒரு கட்டத்திலாவது மரணித்தார் என்று தேடிப் பாருங்கள். சைவர்கள் சிவபதம் அடைவார்கள், கிறிஸ்தவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைவார்கள், முஸ்லிம்கள் வபாத்தாவார்கள், பொதுவாகப் போட வேண்டுமென்றால் காலமாவார்கள். காலம் ஆகிவிட்டார் என்று யார் முதலில் சொன்னாரோ, அதைவிட நல்ல உருவகம் எனக்குத் தெரிந்து இல்லை, தேய்ந்து தேய்ந்து இப்போது யாருக்கும் அது உருவகமாகத் தெரிவதில்லை. ஒரு நாள் வந்த ஓர் அம்மா, கணவருடைய அறிவித்தல், “செத்துப் போயிட்டார் என்றே போடுங்க தம்பி, அவருக்குச் சுத்தி வளைச்சுப் பேசினாப் பிடிக்காது” என்றார். நான் ‘காலமானார்’ என்றுதான் போட்டேன். போட்டிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொன்று, இதே இடவாகுபெயர் முள்ளாகவும் மாறும். “அவனை அங்கொடையில் சேர்க்கணும்” என்று பகிடிக்குச் சொல்கிறோமே, அங்கே இருப்பது தேசிய மனநல நிறுவகம். வீட்டில் ஒருவரை அங்கே காட்டுகிற குடும்பம் பக்கத்து ஆசனத்தில் இருக்கலாம். அதையும் அதே 138இல் கேட்டிருக்கிறேன்.

அந்த உறவுக்காரர் வீட்டுக்கு ஒரு தரம் போய்வாருங்கள், சட்டைக் கதையை எடுக்க வேண்டாம்.

கேள்வி: “கடல் அழுதது” என்று எழுதினால் தற்குறிப்பேற்ற அணி என்று சொல்லலாமா? (காலிமுகத்திடலில் கவிதை எழுதும் ஒருவர்)

பதில்: அவ்வளவு போதாது. கடலுக்குக் கண் வைத்தீர்கள், அது மனிதராக்கியது மட்டும்தான். தற்குறிப்பேற்றத்துக்கு இயல்பாகவே நடக்கிற ஒரு காரியம் வேண்டும், அதற்கு நீங்கள் கொண்டுவந்து ஏற்றும் ஒரு காரணம் வேண்டும். பழைய உதாரணம்தான், ஆனால் அதற்கு மேல் நல்லது கிடைக்கவில்லை: கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள், மதில் மேல் கொடி காற்றில் ஆடுகிறது. கொடி எப்போதும் ஆடும். இளங்கோ சொல்கிறார், “போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி, ‘வாரல்’ என்பனபோல் மறித்துக்கை காட்ட”. வராதே, வராதே என்று கை காட்டித் தடுக்கிறதாம். காற்று அடித்தது உண்மை, கொடி ஆடியது உண்மை, காரணம் மட்டும் கவிஞருடையது. கதை தெரிந்தவருக்கு வயிற்றைப் பிசையும். காலிமுகத்திடலிலும் பெரிய கொடி ஒன்று தினமும் ஏறி இறங்குகிறது, அந்தக் கடற்காற்றில் அது என்ன சொல்கிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அங்கே கொடிக்குக் கீழே நின்ற எல்லோருக்கும் அது ஒன்றையே சொல்லியிருக்காது.

கேள்வி: ஒஃபிஸில் மேலாளர் எல்லோருக்கும் முன்னால் “இவர் மாதிரி நேரத்துக்கு வருகிற ஆளை நான் பார்த்ததே இல்லை” என்றார். நான் தினமும் அரை மணி பிந்துகிறவன். பாராட்டா, குத்தலா? நன்றி சொல்லிவிட்டேன். (கொம்பனித்தெரு)

பதில்: நன்றி சொன்னீர்களா! சரி, போகட்டும். குத்தல்தான், புகழ்வது போல இகழ்வது, அதன் பெயர் வஞ்சப்புகழ்ச்சி. வள்ளுவர் “தேவர் அனையர் கயவர்” என்று ஆரம்பிப்பார், கயவர்களுக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்திருக்கும், உடனே “அவருந்தாம் மேவன செய்தொழுக லான்” என்று முடிப்பார், அதாவது தங்கள் மனம் போனபடி நடப்பதில் மட்டும் தேவர்கள்.

இதில் பெரிய ஆள் ஔவையார். அதியமானுக்காகத் தூது போகிறார், தொண்டைமானிடம். அவன் தன் ஆயுதசாலையைப் பெருமையாகக் காட்டுகிறான். ஔவையார் பார்த்துவிட்டுச் சொன்னது புறநானூற்றின் 95ஆவது பாட்டு. உன் வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பெல்லாம் திருத்தி, நெய் பூசி, காவல் உள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன, அழகு! எங்கள் ஆளுடையதோ பகைவரைக் குத்திக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன, பாவம். புகழ்ந்தது யாரை, இகழ்ந்தது யாரை? திட்டியிருந்தால் தொண்டைமான் பதிலுக்குத் திட்டியிருக்கலாம், தூதரைப் பிடித்தும் வைத்திருக்கலாம். “உன் வேல் அழகு” என்று சொன்னவரை எந்தக் குற்றத்தில் பிடிப்பது?

உங்கள் மேலாளரிடமும் அந்த வசதி இருக்கிறது, கேட்டால் “நான் பாராட்டினேனே” என்பார். நாளைக்கு ஒரு பஸ் முன்னால் ஏறுங்கள்.

கேள்வி: “பீலிபெய் சாகாடும் அச்சிறும்” குறளை உவமை என்று எழுதினேன், டீச்சர் வெட்டிவிட்டார். (மாளிகாவத்தை)

பதில்: பொருத்தமாக மறுபடியும் மயிலிறகு. அளவுக்கு மேல் ஏற்றினால் மயிலிறகு ஏற்றிய வண்டியும் அச்சு முறியும் என்பதோடு குறள் முடிந்துவிடுகிறது. பலவீனமான பகைவர்தானே என்று பலரைச் சேர்த்துக்கொண்டால் அரசன் கதி என்ன என்பது குறளில் எங்கேயும் இல்லை, அதிகாரத் தலைப்பான வலியறிதலை வைத்து நாமே போய் எடுக்கிறோம். வண்டியும் இருந்து அரசனும் இருந்தால் உவமை. வண்டி மட்டும் இருந்தால் பிறிது மொழிதல். டீச்சர் வெட்டியது சரி.

கேள்வி: சிலேடை என்றால் கடி ஜோக்தானே? அதற்கு எதற்கு இவ்வளவு மரியாதை? (வத்தளை)

பதில்: முதலில் ஒரு கதை. புறக்கோட்டையில் ஒரு பலசரக்குக் கடையில், மலைநாட்டிலிருந்து அப்போதுதான் வேலைக்கு வந்த பையன் நிற்கிறான். சிங்களப் பெண் ஒருவர் வந்து அன்பாக “மல்லி, மல்லி” என்று கூப்பிடுகிறார், தம்பி என்று அர்த்தம். பையன் மல்லியை அள்ளித் தராசில் போட்டுவிட்டு எவ்வளவு என்று நிமிர்ந்து பார்க்கிறான். அந்தப் பெண்ணுக்கு வேண்டியது சம்பா அரிசி. பக்கத்தில் நின்ற எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, ஆனால் இது சிலேடை இல்லை. இரண்டு பொருள் மோதிக்கொண்ட விபத்து. வெள்ளவத்தையில் மழைக்கு ரோட்டில் தண்ணீர் நின்றால் “பெயரிலேயே வெள்ளம் இருக்கே” என்கிறோமே, அதுவும் காதின் விளையாட்டுத்தான், சிங்களத்தில் அது மணல் தோட்டம்.

சிலேடையில் இரண்டு பொருளும் வேண்டும் என்று வைத்தவை, இரண்டும் வசனத்தின் கடைசி வரைக்கும் ஓட வேண்டும். காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒன்றாகக் கட்டினார்:

ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேயிரையும்
மூடித் திறக்க முகம்காட்டும் ஓடிமண்டை
பற்றிற் பரபரெனும் பாரில்பிண் ணாக்குமுண்டாம்
உற்றிடும்பாம் பெள்ளெனவே ஓது

பாம்பு படமெடுத்து ஆடிவிட்டுப் பாம்பாட்டியின் குடத்துக்குள் போகும், எள் செக்கில் ஆடி எண்ணெயாகக் குடத்துக்குள் போகும். ஆடும்போது பாம்பு சீறி இரையும், செக்கும் இரையும். மூடியைத் திறந்தால் பாம்பு தலை நீட்டி முகம் காட்டும், எண்ணெய்க் குடத்தைத் திறந்து குனிந்தால் நம் முகம் அதில் தெரியும். இந்த இடத்தில் நான் எப்போதும் ஒரு கணம் நின்றுவிடுவேன், ‘முகம்காட்டும்’ என்ற ஒரே சொல், ஒரு பக்கம் பயம், மறுபக்கம் கண்ணாடி. பிறகு விஷம் மண்டைக்கு ஏறினால் பரபரவென்று இருக்கும், நல்லெண்ணெய் தலையில் தேய்த்தாலும் அப்படித்தான். பாம்புக்குப் பிளவுபட்ட நாக்கு, பிள் நாக்கு; எள்ளுக்குப் பிண்ணாக்கு. கடைசியில் சொல்லைப் பிரித்து இரண்டு பொருள் எடுத்தோமே, அது பிரிமொழிச் சிலேடை. முகம்காட்டும் மாதிரிப் பிரிக்காமலே இரண்டும் வந்தால் செம்மொழிச் சிலேடை.

கடி ஜோக் ஒரு சொல்லில் வெடித்து முடிந்துவிடும், நானும் தினமும் இரண்டு போடுகிறவன்தான். இது நான்கு அடி முழுக்க இரண்டு தண்டவாளத்தில் ஓடுகிறது, ஓர் இடத்திலும் தடம் புரளவில்லை. நம்பாவிட்டால் நீங்கள் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, உதாரணமாகக் கொத்து ரொட்டியும் கச்சேரியும் என்று வைத்து, இரண்டு அடி எழுதி அனுப்புங்கள். தட்டு, தாளம் என்று சத்தத்தோடு ஆரம்பிக்கலாம், அந்த அளவுக்கு உதவி செய்துவிட்டேன்.

கேள்வி: அடுத்த இதழில் வெண்பா எழுதச் சொல்லித் தருவீர்களா? (பம்பலப்பிட்டி)

பதில்: பழமொழிகளைப் பற்றி எழுதுவேன்.